சிவிங்கிப்புலி ஓட்டம்: பாதம் வழுக்குது, உடம்பு மரக்குதிரை மாதிரி ஆடுது

இடைச்சட்டம் கேட்டது:

வணக்கம். பிளெண்டர்ல (3டி அனிமேஷன் மென்பொருள்) சிவிங்கிப்புலி ஓடுற சைக்கிள் ஒண்ணு, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடக்கூடிய ஒரு சுற்று அசைவு, செஞ்சிட்டிருக்கேன். இரையைத் துரத்துற ஷாட், பக்கவாட்டுக் கேமரா, 24 எஃப்பிஎஸ் (வினாடிக்கு 24 ஃபிரேம்). நாலு காலுக்கும் ஐகே (பாதத்தை நகர்த்தினா கால் மூட்டு தானா மடங்கும்). முதுகுத்தண்டுக்கு 4 எலும்பு, வாலுக்கு 8 எலும்பு, ரெண்டும் எஃப்கே (ஒவ்வொரு எலும்பையும் தனித்தனியா சுழற்றணும்). தோள்பட்டைக்குத் தனி எலும்பு கிடையாது. மொத்த உடம்பையும் நகர்த்துற மெயின் கண்ட்ரோல் இடுப்புல இருக்கு. சைக்கிள் நீளம் 16 ஃபிரேம்.

சரியா வராதது இதெல்லாம்: பாதம் தரையில ஊனியிருக்கும்போது வழுக்குது. உடம்பு மரக்குதிரை மாதிரி முன்னும் பின்னும் ஆடுது. இடுப்பு 15 செ.மீ. ஏறி இறங்குது, அதைக் குறைச்சா உயிரே இல்லாத மாதிரி இருக்கு. முன்னங்கால் முழுசா நீளுற இடத்துல மூட்டு ஒரே ஃபிரேம்ல டக்குனு நேராகிடுது. வால் எலும்பு ஒவ்வொண்ணையும் 2 ஃபிரேம் தள்ளி வச்சிருக்கேன், ஆனா யாரோ கயிறை உதறுற மாதிரி தெரியுது. காலடி வரிசைக்குக் குதிரை ஓடுற புகைப்படங்களைத்தான் பார்த்தேன்.

நாலுகால்பாய்ச்சல் எழுதியது:

முதல்ல அந்தக் குதிரைப் படங்களை எடுத்து வச்சிடுங்க. பாதிப் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்குது.

குதிரையோட வரிசை இடது பின், வலது பின், இடது முன், வலது முன். ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் நாலு காலும் தரையை விட்டிருக்கும், அதுவும் கால்கள் வயிற்றுக்கடியில குவிஞ்சிருக்கும்போது. 1878ல மைப்ரிட்ஜ்ங்கிற புகைப்படக்காரர் எடுத்த படங்கள் காட்டினது இதைத்தான். அதுவரைக்கும் ஓவியர்கள் நாலு காலையும் முன்னும் பின்னும் நீட்டி, அந்தரத்துல பறக்கிற மாதிரி குதிரையை வரைஞ்சிட்டிருந்தாங்க. அந்த நீட்டல் குதிரைக்குப் பொய், சிவிங்கிக்கு நிஜம்.

சிவிங்கிக்குக் காலடி வட்டமா சுத்தி வரும்: இடது பின், வலது பின், வலது முன், இடது முன். கிரேஹவுண்ட் நாய்க்கும் இப்படித்தான். ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை காற்றுல இருக்கும். பின்னங்கால் உந்தினதும் உடம்பு நீண்டு ஒரு தடவை, முன்னங்கால் தரையை விட்டதும் உடம்பு சுருண்டு இன்னொரு தடவை.

அடுத்தது நேரம். முழு வேகத்துல சிவிங்கி வினாடிக்குச் சுமார் 3 சுற்று ஓடும். அப்படின்னா 24 எஃப்பிஎஸ்ல ஒரு சுற்று 8 ஃபிரேம்தான். ஒரு சுற்றுல 6.5 மீட்டர் கடந்தா மணிக்கு 70 கி.மீ. உங்க 16 ஃபிரேம்ல அதே தூரம்னா 35 கி.மீ.தான். கண்ணுக்கு மெதுவாத் தெரியாம வேறென்ன?

ஆனா 8 ஃபிரேம்ல நேரடியா போஸ் வைக்கிறது கஷ்டம். அதனால 16 ஃபிரேம்லயே வேலை செஞ்சு, கடைசியில பாதியா சுருக்குங்க. கணக்கு இப்படி:

இடது பின் 1ல ஊனி 4ல விடும். வலது பின் 3ல ஊனி 6ல விடும். 7ல முழு நீட்டல். வலது முன் 9ல ஊனி 12ல விடும். இடது முன் 11ல ஊனி 14ல விடும். 15ல முழுச் சுருளல். 17ம் 1ம் ஒண்ணு.

ஊனுற போஸும் ரெண்டு உச்ச போஸும் ஒற்றைப்படை ஃபிரேம்ல இருக்கிறதைக் கவனியுங்க. டோப் ஷீட்ல, அதாவது கீக்களை (போஸைப் பதிஞ்ச புள்ளிகளை) காலவரிசையில காட்டுற ஜன்னல்ல, கர்சரை 1ல வச்சுப் பாதியாக்கினா ஒற்றைப்படை ஃபிரேம் மட்டும்தான் திரைக்கு வரும். இரட்டைப்படை கீ எல்லாம் ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல போய் உக்காரும். அதுவும் வீணில்லை, மோஷன் பிளர் (வேகத்துல படம் மங்குற விளைவு) அந்த இடைப்பட்ட வளைவைத்தான் படிக்குது. சுருக்கும்போது ஸ்னாப் அணைஞ்சிருக்கணும். இல்லேன்னா எல்லா கீயும் முழு ஃபிரேமுக்கு இழுபட்டு, ஒண்ணோடொண்ணு மோதிக்கும்.

மையப்புள்ளி எழுதியது:

மேலே சொன்ன 16 ஃபிரேம் கணக்கையே வைத்துக்கொண்டு வழுக்கலையும் ஆட்டத்தையும் பார்ப்போம்.

6.5 மீட்டரை 16ஆல் வகுத்தால் ஃபிரேமுக்கு 40 செ.மீ. நின்ற இடத்திலேயே ஓடும் சைக்கிள் என்றால், ஊன்றிய பாதம் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக 40 செ.மீ. பின்னால் போக வேண்டும். 3 ஃபிரேமுக்கு 1.2 மீட்டர். ஊன்றும் கீக்கும் விடும் கீக்கும் நடுவே வளைவு நேர்கோடாக இருக்கட்டும். கிராஃப் எடிட்டரில் (அசைவை வளைகோடாகக் காட்டும் ஜன்னல்) அந்த இரண்டு கீக்கும் வெக்டர் ஹேண்டில் (கோட்டை நேராக்கும் பிடி). பிளெண்டர் தானாகப் போடும் பெசியர் வளைவு இரண்டு முனையிலும் வேகத்தைக் குறைக்கும், வழுக்கல் அங்கிருந்துதான் வருகிறது. பாதத்தை ஊன்றுவதற்கு ஒரு ஃபிரேம் முன்பே பின்னோக்கி நகரத் தொடங்க விடுங்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த பாதம் தரையைத் தொட்ட கணமே திசை மாறினால் குத்துவது போலத் தெரியும்.

இனி 15 செ.மீ. ஏற்ற இறக்கம். ஒவ்வொரு முறையும் காற்றில் இருப்பது திரையில் ஒன்றரை ஃபிரேம், அதாவது 0.06 வினாடி. அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பை மீறி எழும்பக்கூடிய உயரம் அரை செ.மீ. மட்டுமே! கால் ஊன்றும்போது உடல் சற்று அமுங்குவதையும் சேர்த்து 3 முதல் 5 செ.மீ. வைத்தால் தாராளம். அதற்கு மேல் போனால் எடையே இல்லாத பொம்மை.

குறைத்தால் உயிர் போகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் உங்கள் மெயின் கண்ட்ரோல் இடுப்பில் இருப்பது. முதுகை மடக்கும்போதெல்லாம் மார்பும் தலையும் மொத்தமாகத் தூக்கி எறியப்படும். சிவிங்கியின் எடை மையம் முன்னங்கால் பக்கம் தள்ளி, விலாக்கூட்டின் பின்பகுதியில் இருக்கிறது. கண்ட்ரோலை அங்கே கொண்டுபோங்கள். அது ஏறக்குறைய நேர்கோட்டில் போகட்டும். இடுப்பும் மார்பும் அதன் இரு பக்கமும் மடங்கி விரியட்டும். 15ஆம் ஃபிரேமில் இடுப்பு 25 பாகை உள்ளே சுருளட்டும், 7இல் அதே அளவு வெளியே திறக்கட்டும். நான்கு முதுகெலும்பிலும் சமமாகப் பங்கிடாதீர்கள். இடுப்பை ஒட்டிய இரண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு, விலா இருக்கும் பகுதிக்கு மிச்சம். சமமாகப் பங்கிட்டால் புழு போல வளையும்.

தலை இதில் எதையும் பின்பற்றக் கூடாது. துரத்தும் சிவிங்கியின் கண் இரையை விட்டு அகலாது. டேம்ப்டு டிராக் (எப்போதும் ஒரு இலக்கை நோக்கித் திருப்பி வைக்கும் கட்டுப்பாடு) போட்டு, தூரத்தில் ஒரு எம்ப்டியை (படத்தில் தெரியாத வெற்றுக் குறியை) பார்க்க வையுங்கள். கழுத்து மட்டும் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளட்டும்.

தோள்சதை எழுதியது:

மூட்டு டக்குனு நேராகுறது, தோள் எலும்பு இல்லாததோட விளைவு.

பூனைக் குடும்பத்துல தோள்பட்டை எலும்பு உடம்போட மூட்டால இணைஞ்சிருக்காது. காறை எலும்பு சின்னதா, சதைக்குள்ள மிதந்துகிட்டு இருக்கும். தோள்பட்டையைப் பிடிச்சிருக்கிறது தசை மட்டும்தான். அதனால அது விலா மேல முன்னும் பின்னும் வழுக்கும், மேலயும் கீழயும் நகரும். உங்க ரிக்ல (எலும்புக் கட்டமைப்புல) அது அசையாததால, நீள வேண்டியது முழுக்கக் காலோட தலையிலயே விழுது. ஐகே சங்கிலி (கால் எலும்புகளோட தொடர்) முழு நீளத்துக்கு இழுபட்டதும் மூட்டு தாவுது.

ஒவ்வொரு பக்கமும் ஒரு எலும்பு சேருங்க. அதோட மேல்முனை முதுகுக்கோட்டுப் பக்கம், கீழ்முனை மேல்கை தொடங்குற இடம். பெற்றோர் எலும்பு (இது ஒட்டி நகர வேண்டியது) மார்பு. ஊனுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி 20 முதல் 25 பாகை முன்னால சுழலணும், விடும்போது அதே அளவு பின்னால. எடை விழுற ஃபிரேம்ல, அதாவது வலது முன்னுக்கு 10, இடது முன்னுக்கு 12, 3 செ.மீ. மேல ஏறட்டும். தோள் முனை முதுகை விட உயர்ந்து நிக்கும், மார்பு ரெண்டு தோளுக்கும் நடுவுல தொங்கும். பூனை படி இறங்கும்போது உத்துப் பாருங்க, இதேதான்.

இதுக்கப்புறமும் தாவினா ஐகே கன்ஸ்ட்ரெயின்ட்ல (ஐகே அமைப்புகள்ல) ஸ்ட்ரெச்சை, அதாவது எலும்பைக் கொஞ்சம் நீள விடுற வசதியை, இயக்கி, எலும்புகளோட ஐகே ஸ்ட்ரெச் மதிப்பைத் துளி மட்டும் கூட்டுங்க. சங்கிலி எந்த ஃபிரேம்லயும் முழு நீளத்துல 97 சதவீதத்தைத் தாண்டாம இருந்தா ஸ்ட்ரெச்சே தேவைப்படாது.

இடைச்சட்டம் எழுதியது:

தோள் எலும்பு சேர்த்ததும் மூட்டு சரியாயிடுச்சு, வழுக்கலும் நின்னுடுச்சு. ரொம்ப நன்றி. வால் மட்டும் பாக்கி. ஷாட்டோட கடைசியில இடது பக்கம் சட்டுனு திரும்பணும், அதுக்கும் வழி சொல்லுங்க.

நாலுகால்பாய்ச்சல் எழுதியது:

8 எலும்பு, ஒவ்வொண்ணுக்கும் 2 ஃபிரேம் தள்ளல்னா மொத்தம் 16. முழுச் சுற்று. வால் நுனி திரும்பவும் இடுப்போட ஒரே தாளத்துக்கு வந்துடுது, கயிறு மாதிரித் தெரியுறது அதனாலதான். ஒரு ஃபிரேம் தள்ளல் போதும். சுழற்சி எலும்புக்கு எலும்பு கூடிக்கிட்டே போகும்ங்கிறதால ஒவ்வொண்ணுக்கும் 4, 5 பாகைக்கு மேல வேண்டாம். நேரா ஓடும்போது வால் பெரும்பாலும் பின்னால நீண்டு அமைதியாத்தான் இருக்கும்.

திருப்பத்துல நிலைமை தலைகீழ். உடம்பு இடது பக்கம் சாய்ஞ்சு உருளும்போது, அதைச் சமன் செய்ய வால் எதிர்த் திசையில வேகமா சுழலும். இது பின்தொடரும் அசைவு இல்லை, வாலே செய்யுற வேலை. அதனால உடம்பு சாயத் தொடங்குற அதே ஃபிரேம்ல வாலோட அடி எலும்பும் கிளம்பணும், தள்ளல் நடு எலும்புல இருந்து நுனி வரைக்கும் மட்டும். அப்புறம், இடது திருப்பத்துக்கு இடது முன்னங்கால் கடைசியா ஊனுறதுதான் இயல்பு. உங்க சைக்கிள் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கு, காலை மாத்த வேண்டியதில்லை. வலது பக்கம் திரும்புற ஷாட் வந்தா, திரும்புறதுக்கு முந்தின சுருளல்ல, கால்கள் காற்றுல இருக்கும்போது, அடுத்த சுற்றுக்குக் கண்ணாடிப் பிரதியா மாத்திடுங்க.