அக்காவுக்குப் பிள்ளை பிறந்து ஏழு கிழமை, ஆள் மாறிப்போயிட்டா. என்ன செய்யலாம்?

வாவிக்கரைத் தங்கச்சி

களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்கள் வீடு. அக்காவுக்கு இது முதல் பிள்ளை, ஆம்பிளைப் பிள்ளை, சிசேரியன். அத்தான் கட்டாரில், பிள்ளை பிறந்து பத்தாம் நாள் திரும்பிப் போனவர். எங்கள் பக்க வழக்கப்படி அக்கா தன் சீதன வீட்டில்தான் இருக்கிறா, அம்மாவும் நானும் கூட இருக்கிறோம். மாமியார் கரைச்சல் இல்லை, சரக்குக் கறி, சுறாப் புட்டு எல்லாம் நேரத்துக்கு வருகிறது. வருகிற சனமெல்லாம் "ராணி மாதிரி இருக்கிறாய், உனக்கென்ன குறை" என்று சொல்லிவிட்டுப் போகும்.

முதல் இரண்டு கிழமை அடிக்கடி அழுதா. பிள்ளைப்பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டோம். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குப் பிறகு அழுகை நின்றது, சந்தோசப்பட்டோம். இப்போதுதான் எனக்கு விளங்குகிறது, அழுகையோடு சேர்ந்து சிரிப்பு, கதை, பசி எல்லாமே நின்றிருக்கிறது. பிள்ளை நித்திரை கொண்டாலும் இவ கொள்வதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் பார்த்தால் குசினியில் நின்று, அவித்து வைத்த பால் போத்தலைத் திரும்பவும் தேய்த்துக்கொண்டிருக்கிறா. "பால் காணாது, என்னாலதான் பிள்ளை மெலியுது" என்கிறா, ஆனால் கார்டில் நிறைக் கோடு நல்லா மேலே போகிறது. போன ஞாயிறு தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன், "இவனை நீ வளர்த்தா நல்லா வளருவான், நான் இல்லாட்டியும் பரவாயில்லை" என்றா. உப்பு முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

அம்மாவுக்கு இது கண்ணூறு. 31 அன்று வந்த யாரோ ஒருவரின் கண் பட்டதாம். நூல் கட்டியாயிற்று. மிட்வைஃப் மிஸ் வந்து ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவ. அம்மா பக்கத்திலேயே இருந்து, அக்கா வாய் திறக்க முதல் "அவளுக்கு ஒரு குறையும் இல்லை மிஸ்" என்று பதில் சொன்னா. அக்கா தலையாட்டினா. முடிந்தது.

இது வருத்தமா, களைப்பா? மிஸ்ஸிடம் திரும்பச் சொன்னால் ஊருக்குத் தெரியவருமா? எனக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை, "அந்த வீட்டில் விசர்" என்று ஒரு கதை கிளம்பினால் என்று அம்மா பயப்படுகிறா. மருந்து குடுத்தால் பால் குடுக்கலாமா?

பழைய குடும்பநலம்

தங்கச்சி, நானும் மிட்வைஃப் வேலை பார்த்த ஆள்தான். கலியாணக் கதையைப் பிறகு பார்ப்போம். "நான் இல்லாட்டியும்" என்ற அந்தச் சொல்லைத்தான் முதலில் பிடியுங்கள். இன்றைக்கே, தனிய இருக்கும்போது, நேரே கேளுங்கள்: "அக்கா, சாகவேண்டும் போல இருக்கிறதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோம் என்று பயப்படவேண்டாம், அப்படி ஆகாது. கேட்டதும் அநேகம் பேர் மூச்சுவிட்ட மாதிரி ஆறுதல்படுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். ஓம் என்றால் கிளினிக் நாள் பார்க்கவேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை அல்லது கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலைக்கு அப்போதே கூட்டிப்போங்கள், அம்புலன்சுக்கு 1990. கதைக்க மட்டும் ஆள் வேண்டுமென்றால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம். ஆளைத் தனிய விடவேண்டாம். வீட்டில் மாத்திரை, வயலுக்கு அடிக்கிற மருந்து இருந்தால் எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

இனி உங்கள் கேள்வி. பிள்ளை பிறந்து மூன்றாம் நாலாம் நாளில் அழுகை வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு, இரண்டு கிழமைக்குள் தானாக அடங்கும். அதற்கு மருந்து தேவையில்லை, நித்திரை தேவை. இரண்டு கிழமை தாண்டியும் விடவில்லை என்றால், அல்லது அடங்கி மறுகா வந்தால், அதுதான் பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெற்ற பெண்களில் கிட்டத்தட்ட 13 வீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலப் பாதிப்பு வருகிறது, நம்மைப் போன்ற நாடுகளில் அது 20க்குக் கிட்ட. ஒரு கிளினிக் நாளில் என் முன்னால் 20 தாய்மார் இருப்பார்கள், எண்ணிப் பாருங்கள். மூன்றாவது ஒன்று உண்டு, ஆயிரத்தில் ஒருவர் இருவருக்குத்தான் வரும்: நித்திரையே இல்லாமல், தொடர்பில்லாமல் கதைப்பது, குரல் கேட்கிறது என்பது, பிள்ளை தன்னுடையது இல்லை என்பது. அது வந்தால் ஒரு மணித்தியாலம்கூடப் பொறுக்கக்கூடாது. "பேய்" என்று கோயில் கோயிலாகக் கொண்டுதிரிந்து நாலு நாள் பிந்தி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மிஸ் கொண்டுவந்த தாள், இந்த மனச்சோர்வைக் கண்டுபிடிக்கிற எடின்பரோ அளவுகோலாக இருக்கவேண்டும். 1987இல் ஸ்கொட்லாந்தில் செய்தது, 10 கேள்வி, போன ஏழு நாளைப் பற்றி. முதல் கேள்வியே சிரிக்க முடிகிறதா என்பதுதான். பத்தாவது, தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் வந்ததா என்பது, அதற்கு ஓம் என்றால் மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும் விடமாட்டோம். ஆனால் தாயை அருகில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டால் எந்தப் பெண் உண்மை சொல்வாள்? அது உங்கள் அம்மாவின் பிழையைவிட எங்கள் ஆளின் பிழை. நான் என்றால் "பிள்ளையின் நிறையை முற்றத்தில் நிறுப்போம்" என்று ஏதாவது சாட்டுச் சொல்லி மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் தாளை எடுப்பேன். மிஸ்ஸுக்கு ஒரு கோல் எடுத்து, அக்காவைத் தனியப் பார்க்கவேண்டும் என்று சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று உம்மா

எனக்கு வந்தது பிள்ளை பிறந்த பிறகு இல்லை, ஏழாம் மாதத்திலேயே. நெஞ்சு அடிக்கும், அசர் தொழுதுவிட்டு இருந்தால் காரணமில்லாமல் பயம் வரும். கிளினிக்கில் பிரஷர், சீனி, இரும்புச்சத்து எல்லாம் பார்த்தார்கள், மனசைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உம்மா ஓதிப்பார்க்கக் கூட்டிப்போனா. அதில் எனக்கு ஆறுதல் இருந்தது, பொய் சொல்லமாட்டேன், ஆனால் நித்திரை வரவில்லை.

பிள்ளை பிறந்த பிறகுதான் டொக்டரிடம் போனேன், அவர் முதலில் இரத்தம் எடுக்கச் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு தைரொயிட் குழம்பினாலும் இதே களைப்பும் மனக்கனமும் வருமாம். எனக்கு அது சரியாக இருந்தது, மறுகா செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தை எழுதினார். பாலில் மிகக் கொஞ்சம்தான் போகும், பால் குடுக்கலாம் என்றார், நானும் குடுத்தேன். அக்காவுக்கு எது சரி என்பதை டொக்டர்தான் சொல்லவேண்டும், பால் குடுக்கிறதை மறைக்காமல் சொல்லுங்கள். முதல் கிழமை ஒங்காளம்தான் மிச்சம், மூன்றாம் கிழமைதான் வித்தியாசம் தெரிந்தது. சுகம் வந்துட்டு என்று நானே நிற்பாட்டித் திரும்ப விழுந்ததும் நடந்தது, அந்த வேலையைச் செய்யவேண்டாம்.

ஊர்க்கதை பற்றி: கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூட டீச்சர் ஒருவ இருந்தா. இன்றுவரை நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை, கண்டால் சிரித்துக்கொள்வோம்.

வயல்காரன்

எங்கட அம்மா ஒன்பது பெற்றவ. வெட்டுக்காலத்தில் பெற்று, கொஞ்ச நாளில் வயலுக்கு இறங்கினவ. இந்த வருத்தமெல்லாம் போன் வந்த பிறகுதான். தேவையில்லாமல் பிள்ளையைப் பயப்படுத்தாதீர்கள்.

திராய்மடு

வயல்காரன் தம்பி, அந்த ஒன்பது தரமும் உங்கள் அம்மாவுக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டதுண்டா?

சுனாமி வந்தபோது எனக்கு ஐந்து மாதம். என் அம்மாவும் மூத்த பிள்ளையும் போய்விட்டார்கள். 2005 சித்திரையில் முகாமில் மகள் பிறந்தாள். வந்தவர்களெல்லாம் "போன பிள்ளையே திரும்பி வந்திருக்கு" என்றார்கள். அந்த ஒரு வசனத்தால் என்னால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது. இரண்டு மாதம் பெயர்கூட வைக்கவில்லை. சின்னம்மா ஒருவ தினமும் மத்தியானம் தகரக் கொட்டிலுக்கு வருவா, ஒன்றும் கேட்கமாட்டா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு "நீ படு" என்பா. அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் உயிரோடு இருந்தேன் என்று நினைக்கிறேன். தானாகச் சரிவரவில்லை தம்பி, இரண்டு வருசத்துக்கு மேல் போனது. மகள் முதல் அடி வைத்தது, முதல் சொல் சொன்னது ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை. அவள் கேட்கும்போது ஏதாவது கட்டிச் சொல்வேன்.

தோஹா மச்சான்

இதை வாசித்துவிட்டு இரவு நித்திரை இல்லை. எனக்கும் ஊரில் நாலு மாதப் பிள்ளை. தினமும் கோல் எடுத்து "பிள்ளையைக் காட்டு, பிள்ளையைக் காட்டு" என்றுதான் கேட்டிருக்கிறேன், போனைத் திருப்பி அவளைக் காட்டச் சொன்னதே இல்லை. தங்கச்சி, அத்தானுக்கு முழுவதையும் சொல்லுங்கள். தூரத்தில் இருக்கிறார், பயந்துவிடுவார் என்று மறைக்கவேண்டாம்.

வாவிக்கரைத் தங்கச்சி

ஐந்து நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். அன்றைக்கு இரவே கேட்டேன். கனநேரம் பேசாமல் இருந்து, "சாக விருப்பம் இல்லை, ஆனா காலையில் எழும்பாமல் இருந்தா நல்லம்" என்றா. மிஸ்ஸுக்கு அடுத்த நாள் காலையே கோல் எடுத்தேன், ஒன்பது மணிக்கே வந்து, அம்மாவைப் பிள்ளையோடு கிணற்றடிப் பக்கம் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினா. நாற்பது நிமிசம். வெளியே வந்ததும் "இன்றைக்கே போவோம்" என்று தானும் ஓட்டோவில் ஏறினா. இரத்தம் எடுத்திருக்கிறார்கள், மருந்து தொடங்கியிருக்கிறது, பால் நிற்பாட்டச் சொல்லவில்லை. இரவில் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை பிள்ளை என்னிடம், பாலை எடுத்து வைத்துவிட்டு அக்கா படுக்கவேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. அத்தானுக்குச் சொல்லியாயிற்று, அழுதார், லீவு கேட்டிருக்கிறார்.

அம்மா டொக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, கையில் கட்டின நூலை அவிழ்க்க வேணுமா என்பது. "அது கிடக்கட்டும் அம்மா, மாத்திரையை மட்டும் விடாதீங்க" என்றார். இப்போது இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையையும் தண்ணியையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்கிறது அம்மாதான்.