ஜிடிகே 4: தலைப்பும் வரிசையும் ஒரே நேராக நிற்க என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் என் சித்தப்பாவுக்காகப் பைத்தான் மொழியில், ஜிடிகே 4 (விண்டோ, பொத்தான் போன்றவற்றைத் திரையில் அமைக்க உதவும் நிரல் தொகுப்பு) வைத்து ஒரு கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். விடியற்காலை ஏலம் முடிந்ததும் வஞ்சிரம், சங்கரா என்று வகை, எடை, விலையைத் தட்டினால் போதும், கணக்கு நிற்க வேண்டும்.

விண்டோவுக்குள் நெடுக்காக ஒரு பாக்ஸ் (உறுப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் பெட்டி). மேலே தலைப்புகளுக்கு ஒரு கிரிட் (கட்டம் கட்டமாக அடுக்கும் அமைப்பு). கீழே ஸ்க்ரோல்டு விண்டோவுக்குள் வரிசைகளுக்கு இன்னொரு கிரிட். முதலில் பட்டியல் சுருங்கிக் கிடந்தது. உயரவாக்கில் விரியச் சொல்லும் வி-எக்ஸ்பேண்ட் கொடுத்ததும் விரிந்தது. பாக்ஸுக்குள் உறுப்பைச் சேர்க்கப் பழைய பாடங்களில் வரும் பேக்-ஸ்டார்ட் ஜிடிகே 4-இல் இல்லை, அப்பெண்ட்தான் என்று கண்டுபிடிக்கவே ஒரு ராத்திரி போனது.

இப்போது சிக்கல் இதுதான். இரண்டு கிரிட்டும் தனித்தனியே அகலத்தைக் கணக்கிடுவதால் ‘எடை’ என்ற தலைப்பு விலைக்கு மேல் போய் நிற்கிறது. சித்தப்பாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். கட்டம் மாறினால் பணமே மாறிவிடும். அகலத்தைப் பிக்சலில் நிறுத்த மனமில்லை, எழுத்தைப் பெரிதாக்கினால் உடைந்துவிடும்.

ஒவ்வொரு பத்திக்கும் ஒரு சைஸ்குரூப் (பல உறுப்புகளை ஒரே அளவில் வைப்பது) போடலாமா, இல்லை தலைப்பும் வரிசையும் சேர்ந்தே வரும் காலம்வியூ (ColumnView) என்ற அட்டவணைக்கே மாறிவிடலாமா? விலையை அந்தக் கட்டத்திலேயே திருத்தவும் வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் யாராவது இருந்தால் லேப்டாப்போடு நானே வருகிறேன்.