நிலத்தடி வெப்பம்: வீட்டில் போட்டவர்கள், போடாமல் விட்டவர்கள்

ஆல்பனிவாசி:
திருநெல்வேலிப் பக்கம் கிணற்றில் குளித்து வளர்ந்தவன் நான். மார்கழி விடியலில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை மதியத்தில் அதே தண்ணீர் சில்லென்று இறங்கும். அந்தக் கிணற்றின் சூட்சுமத்தைத்தான் இங்கே நியூயார்க் மாநிலத்தில், வீட்டைச் சூடாக்கவும் குளிரவைக்கவும் 'நிலத்தடி ஹீட் பம்ப்' என்று 48,000 டாலருக்கு விற்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் போன வருடம் 350 அடியில் இரண்டு துளைகள் போட்டார்கள். இங்கே வெளியில் மைனஸ் 20 ஆனாலும் அந்த ஆழத்தில் சுமார் 10 டிகிரிதான். குழாயில் உறையாத திரவம் சுற்றிவந்து அந்தச் சூட்டை மேலே கொண்டுவருகிறது; ஹீட் பம்ப் அதைக் கூட்டி வீட்டுக்குள் விடுகிறது. கோடையில் வீட்டுச் சூட்டைக் கீழே கொண்டுபோய் விடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்கும் 24 வருடப் பழைய ஃபர்னஸ். செலவில் 30 சதவீதத்தை மத்திய அரசின் வரிச்சலுகையாகப் பெறலாம் என்றிருந்தது; அது 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. கோடை முழுவதும் விலைப்பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "யோசித்து யோசித்தே 14,400 டாலரை விட்டுவிட்டீர்கள்" என்கிறாள் மனைவி. மறுக்க முடியவில்லை. இனியும் போடலாமா? போட்டவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோ தம்பி:
அண்ணா, எங்களுக்குக் கணக்குப் போடும் முன்பே முடிவு வந்துவிட்டது. வீட்டுக்கும் வேலிக்கும் இடையில் நான்கு அடி. துளை போடும் வாகனம் பின்வளவுக்குப் போக வழியே இல்லை. முன்வளவில் போடலாமென்றால் அங்கே கேஸ் குழாய் ஓடுகிறது.

கேஸ் இருக்கும் வீட்டில் லாபமும் குறைவு. ஒரே அளவு சூட்டுக்கு எங்கள் பில்லில் மின்சாரம் கேஸைவிட மூன்று மடங்கு விலை. காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் ஒன்றைப் போட்டு, பழைய கேஸ் ஃபர்னஸையும் வைத்துக்கொண்டோம். கடும் குளிரில் மட்டும் கேஸ் எரியும். உங்களுடையது எண்ணெய் என்பதால் கணக்கு வேறு மாதிரி வரும்.

மினசோட்டா அக்கா:
நாங்கள் போட்டு ஏழு வருடம் ஆகிறது. ஊருக்கு வெளியே வீடு, ஒரு ஏக்கர் நிலம், அதுவரை புரொப்பேன் கேஸில்தான் சூடாக்கினோம். இடம் இருந்ததால் ஆழமாகத் துளை போடாமல் எட்டடிப் பள்ளம் வெட்டிக் குழாயைப் படுக்கையாகப் புதைத்தார்கள்.

முதல் ஜனவரியில் தெர்மோஸ்டாட்டில் 'துணை வெப்பம்' (மின்சாரத்தாலேயே நேரடியாகச் சூடாக்குவது) என்ற எழுத்து அணையவே இல்லை. மின் கட்டணம் 640 டாலர். நிலத்திலிருந்து திரும்பி வரும் திரவமே மைனஸ் 4-ல் இருந்தது. ஒப்பந்தக்காரர் (பெயர் வேண்டாம்) வீட்டின் சதுர அடியைப் பெருக்கிப் பார்த்துக் குழாய் நீளத்தைத் தீர்மானித்திருக்கிறார்! அடுத்த கோடையில் இன்னொரு பள்ளம் வெட்டிய பிறகுதான் சரியானது. அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடும் 'மேனுவல் ஜே' தாளைக் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள், ஆல்பனி தம்பி.

இப்போது குறை இல்லை. வெளியே விசிறி இரைச்சல் கிடையாது. கோடையில் வீட்டிலிருந்து எடுக்கும் சூட்டில் குளிக்கிற வெந்நீரும் ஓரளவு காய்ந்துவிடுகிறது. புல்தரை பழையபடி வர இரண்டு வருடம் ஆயிற்று. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கோவைக்காரர்:
ஏசி செலவைக் குறைக்க இங்கேயும் போடலாமா?

மினசோட்டா அக்கா:
அங்கே மண்ணே 25 டிகிரிக்கு மேல் இருக்கும். வருடம் முழுக்கச் சூட்டைக் கீழே தள்ளிக்கொண்டே இருப்பீர்கள். திரும்ப எடுக்கக் குளிர்காலம் ஏது? மொட்டைமாடிக்கு வெள்ளையடியுங்கள், அது மலிவு.

ஆல்பனிவாசி:
அக்கா சொன்ன தாளைக் கேட்டேன். வந்தவர் முதலில் வாசலில் பெரிய விசிறியை மாட்டிக் காற்றுக் கசிவைச் சோதித்தார். ஊதுவத்தி போன்ற ஒன்றைச் சுவர் பிளக்கின் அருகே பிடித்தார். புகை பட்டென்று படுத்துக்கொண்டு அறைக்குள் ஓடியது. பரணிலும் அடித்தள விளிம்பிலும் அதே கதைதான். இத்தனை வருடம் தெருவுக்கும் சேர்த்து எண்ணெய் வாங்கியிருக்கிறேன்.

அடைப்பு வேலை முடிந்தபின் தேவையான ஹீட் பம்பின் அளவு நான்கு டன்னிலிருந்து மூன்றாக இறங்கிவிட்டது. துளையும் அதற்கேற்பக் குறையும். புது விலைப்பட்டியல் கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமை எண்ணெய் லாரி வருகிறது; இந்த முறை அரைத்தொட்டி போதும் என்று சொல்லிவிட்டேன்.