நகைக்கடன் மோசடி: பெயர் வெளியே தெரியாமல் புகார் கொடுப்பது எப்படி?

செவ்வாய்ப்பேட்டை:
சேலத்தில் ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கிக் கிளை. கவரிங் நகைக்குத் தங்கக் கணக்கில் கடன் போகிறது. மதிப்பீட்டாளரும் ஓர் அதிகாரியும் கூட்டு. அங்கே வேலை பார்ப்பவர் மண்டல அலுவலகத்துக்கு மொட்டைக் கடிதாசி போட்டால் போதுமா?

அஸ்தம்பட்டி:
வேண்டாம் சார். பெயரில்லாத புகாரைப் பொதுவாக விசாரிக்க மாட்டார்கள். விஷயம் கிளைக்குக் கசிந்தால் அடகு நகையை மூடி வைத்த பாக்கெட்டில் நகை மாறிவிடும்.

ஊழல் பற்றித் தகவல் தருவோரைப் பாதுகாக்கும் 2004 மத்திய அரசுத் தீர்மானப்படி, டெல்லியிலுள்ள மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளருக்கு நேராக எழுதச் சொல்லுங்கள். உறையை ஒட்டி, மேலே ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'PIDPI' (பி.ஐ.டி.பி.ஐ, அந்தத் தீர்மானத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) என்று எழுத வேண்டும். உறையில் அனுப்புநர் பெயர் கூடாது. இந்த உறைக்கு அதைக் கேட்கக் கூடாதென்று தபால் நிலையங்களுக்கு உத்தரவும் உண்டு. பெயர், வீட்டு முகவரி எல்லாம் உள்ளே கடிதத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கட்டும். ஒப்புகை வராது. ஆனால் 'எழுதியது நீங்கள்தானா' என்று கேட்டு வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். அதற்குப் பதில் போடாவிட்டால் இந்த வழியில் புகார் நகராது.

பலர் கோட்டைவிடுவது நகல் விஷயத்தில். தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று என்று அனுப்பினால் அது சாதாரணப் புகார். பெயருக்குப் பாதுகாப்பு கிடையாது. மின்னஞ்சலும் செல்லாது.

ஏற்காடு அடிவாரம்:
உறையைவிட உள்ளே இருக்கும் வாசகம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 'அன்று சாயங்காலம் அதிகாரி என்னிடம் சொன்னார்' என்ற ஒரு வரி போதும். கடன் எண், தேதி, பாக்கெட்டில் எழுதிய எடை, இவற்றோடு நிறுத்துங்கள். முலாம் தடிமனாக இருந்தால் உரைகல்லில் தங்கம் மாதிரியே கோடு விழும். அரத்தால் ஆழமாக ராவிப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் சோதனைக்கு வருபவரும் 'சரியாக இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போவார்.

கிளைக் கணினியில் அந்தக் கணக்குகளை இப்போது திறக்கவே கூடாது. யார் எப்போது பார்த்தார் என்பது பயனர் எண்ணோடு பதிவாகும். வாடிக்கையாளர் ஆவணத்தைப் போனில் படம் பிடித்தால், அதைக் காட்டியே அவருக்குச் சார்ஜ் ஷீட் கொடுப்பார்கள். ஆவணம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று குறிப்பிட்டாலே போதும்.

செவ்வாய்ப்பேட்டை:
பழிவாங்க மாற்றல் போட்டால்?

அஸ்தம்பட்டி:
அதே ஆணையத்துக்கு மனு போடலாம். வங்கிக்கு உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. மாற்றல் ஆணை, பழைய பணி மதிப்பீட்டு அறிக்கை எல்லாவற்றையும் வீட்டில் வைத்திருக்கட்டும். 2014இல் நிறைவேறிய, ஊழலை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வரவில்லை, அதை நம்பி இறங்க வேண்டாம். கூட்டுறவுச் சங்கமாக இருந்தால் இந்த வழி பொருந்தாது.