போர்வையெடுப்பு: தக்காளிக் கணக்கில் விடுபட்ட ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

செடியைச் சுற்றி மண்ணை மூடிவைக்கும் 'மல்ச்'சுக்குத் தமிழில் மூடாக்கா, நிலப்போர்வையா என்று நம் சொற்பட்டியல் குழுவில் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டும் இருக்கட்டும் என்பேன். வைக்கோல், பனையோலை, தென்னைநார்க் கழிவு எல்லாம் மக்கி மண்ணோடு போகும், அது மூடாக்கு. பிளாஸ்டிக் தாள் மக்காது, விரித்தவரே திரும்ப எடுக்கவேண்டும்; அது நிலப்போர்வை. அப்படி எடுக்கிற செலவுக்குத்தான் நம்மிடம் சொல் இல்லை. சொல் இல்லாததால் கணக்கு நோட்டிலும் அது ஏறுவதில்லை.

போன பங்குனியில் ராமநாதபுரம் கரையில் உச்சிப்புளிப் பக்கம் மாமாவின் தோட்டத்தில் தக்காளி ஓய்ந்த பிறகு தாள் உரித்தோம். அத்தை மண்வெட்டியால் விளிம்பைக் கிளற, நான் பின்னாலேயே சுருட்டிக்கொண்டு போனேன். வெயிலில் நைந்த தாள், இழுத்த இடத்திலெல்லாம் கிழிந்தது. கோரை முளை ஊசி மாதிரி குத்தி மேலே வந்திருந்தது. அந்த ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கிழிசல். கைக்கு வராத துண்டுகள் மணலுக்குள்ளேயே தங்கிவிட்டன. கச்சான் காற்று எழும்பியதும் அவை பறந்து வேலிக் கருவேல முள்ளில் தொங்கின. வேலிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் கடல்.

ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். பாத்திக்குப் பாத்தி ஒன்றரை மீட்டர் விட்டால் ஏறத்தாழ 2,700 மீட்டர் நீளம் வரும். 400 மீட்டர் ரோல் என்றால் ஏழு வேண்டும். 1.2 மீட்டர் அகலம், 25 மைக்ரான் கனம் என்றால் எடை ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோ வரும். இரண்டு ஓரமும் மண்ணுக்குள் புதைந்திருப்பதால் கிளறவேண்டிய விளிம்பு மட்டும் 5.4 கிலோமீட்டர்! ரோல் விலையை எல்லோரும் எழுதுகிறார்கள். இந்த ஐந்து கிலோமீட்டரை யாரும் எழுதுவதில்லை. மானியம் பற்றிய பேச்சும் விரிப்பதோடு நின்றுவிடுகிறது.

தாளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நம் மணலில் ஈரம் நிற்காது. மேல்மண் காயக் காய உப்பு மேலே ஏறும். தாள் போட்டால் இரண்டும் குறையும். வெள்ளி நிறப் பக்கத்தின் பளபளப்புக்கு, இலைச்சுருட்டு நோயைக் கொண்டுவரும் வெள்ளை ஈயும் ஓரளவு விலகும். மூடாக்குக்கும் செலவு உண்டு: வைக்கோலுக்கு மாடு போட்டிக்கு நிற்கும், பனையோலையை வெட்டி நறுக்கக் கூலி, அப்புறம் கரையான். ஆனால் பருவம் முடிந்தால் அதை எடுக்கிற வேலை இல்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். குழுவில் வந்தவற்றில் 'அகற்றல் செலவு' அறிக்கைக்குப் பொருந்தும், தோட்டத்தில் யார் வாயிலும் வராது. 'களைவுச் செலவு' என்றால் களையெடுப்போடு குழம்பும். 'உரிப்புக்கூலி' எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் இந்தக் கரையில் தேங்காய் உரிக்கிற கூலி என்றுதான் அதைப் புரிந்துகொள்வார்கள். 'தாளெடுப்பு' நல்ல சொல்தான். ஆனால் நெல் அறுத்தபின் வயலில் நிற்பதும் தாள் ஆயிற்றே.

என் முன்மொழிவு: போர்வையெடுப்பு. நிலப்போர்வையை ஏற்றுக்கொண்டோமானால் இது தானாகப் பிறக்கிறது. களையெடுப்பு என்ற அச்சிலேயே வார்த்தது, அதைவிட ஓரெழுத்துதான் கூடுதல். கூலியைச் சொல்ல 'போர்வையெடுப்புக் கூலி' எனலாம். நோட்டில் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதிப் பாருங்கள்: தாள் போட்ட தோட்டத்தில் களையெடுப்பு இறங்கும், போர்வையெடுப்பு ஏறும். மூடாக்குப் போட்ட தோட்டத்தில் களையெடுப்பு கொஞ்சம் இருக்கும், போர்வையெடுப்பு பூச்சியம்.

சொற்பட்டியலில் சேர்க்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வேலைக்குப் போவது பெரும்பாலும் பெண்கள். எங்கள் பக்கம் 'சீட்டு (ஷீட்) உரிக்கப் போறோம்' என்கிறார்கள். தொண்டி, சாயல்குடிப் பக்கம் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள். அது இதைவிடச் சரியாக இருந்தால் என் சொல்லை எடுத்துவிடலாம்.