ஹோட்டல் தீயில் எரிந்த பொருட்களுக்கு யார் பொறுப்பு?

வணக்கம். போன வாரம் நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலில் நள்ளிரவில் தீப்பிடித்தது. அலாரம் அடிக்கவே இல்லை. புகை நாற்றத்தில் அம்மாதான் முதலில் விழித்தார். லிஃப்டைத் தவிர்த்துப் படிக்கட்டுக்கு ஓடினால், அவசர வழிக் கதவில் பூட்டு! ஒரு பணியாளர் சாவியோடு ஓடிவந்ததால் உயிர் தப்பினோம். நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

லேப்டாப், துணிமணி, அப்பாவின் மருத்துவ ஆவணங்கள் எல்லாம் போயின. நிர்வாகமோ, "பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற வரவேற்பறைப் பலகையைக் காட்டுகிறது. லாக்கரில் வைக்காதது எங்கள் தவறு என்கிறார்கள். அவர்களுடைய கவனக்குறைவால் வந்த இழப்புக்கும் அந்தப் பலகை செல்லுமா?

தீயணைப்புத் துறை அறிக்கையின் நகல் கேட்டிருக்கிறேன். எரிந்த அறையின் படங்களும் தங்கிய பில்லும் உள்ளன. முதலில் வக்கீல் நோட்டீஸா, நேராக நுகர்வோர் நீதிமன்றமா? லேப்டாப் ரசீதும் எரிந்துவிட்டது; வங்கிக் கணக்கு விவரம் போதுமா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.