ஹில் கன்ட்ரியில் ஜூலை முகாம்: கூடாரம், யர்ட், ஆர்.வி. மூன்றுக்கும் ஒரே இடம் அமையுமா?

கேள்வி: வழிப்போக்கி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் குன்றுகள் நிறைந்த ஹில் கன்ட்ரி பகுதியில் ஜூலை நடுவில் மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து இரண்டு இரவுகள் தங்க எண்ணியிருக்கிறோம். ஒரு குடும்பத்தார் கூடாரம்தான் வேண்டும் என்கிறார்கள். இன்னொரு குடும்பம் 30 அடி நீளமுள்ள ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுக்கிறது. எங்களுடன் எழுபது வயதைக் கடந்த மாமனாரும் மாமியாரும் வருவதால், எங்களுக்கு யர்ட் (வட்ட வடிவத் துணிச்சுவர்க் குடில்) பொருந்தும் என்று நினைக்கிறேன். படங்களைப் பார்த்தால் ஆற்றை ஒட்டிய இடங்களே மனத்தை இழுக்கின்றன. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதை முதலில் பார்ப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்பது பிடிபடவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கருங்கல்மேடு

வணக்கம். கழிவறை, நீச்சல் குளம், இணைய வசதி ஆகியவற்றை வைத்துத் தளங்களை ஒப்பிடுவதைச் சற்றுத் தள்ளிவையுங்கள். அந்தப் பகுதியில் ஜூலையில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: மாலை ஐந்து மணிக்கு அந்த இடத்தில் நிழல் எங்கே விழுகிறது? நள்ளிரவில் பெருமழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

முதலில் தண்ணீர். ஹில் கன்ட்ரியின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் மெல்லிய மண்படலம் மட்டுமே உண்டு என்பதால், பெய்கிற மழை நிலத்துக்குள் இறங்காமல் சரிவில் ஓடி ஓடைகளை நிரப்பிவிடுகிறது. உங்கள் தலைக்கு மேல் ஒரு துளிகூட விழாமல், பல மைல் தொலைவில் பெய்த மழையாலேயே காட்டாற்று வெள்ளம் வந்து சேரலாம். 2025 ஜூலை 4 விடியற்காலையில் அங்குள்ள குவாடலூப் ஆறு சுமார் 45 நிமிடங்களில் 26 அடி உயர்ந்ததும், அந்த வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே ஆற்றில் பகலில் குளியுங்கள். இரவில் மேட்டில் படுங்கள். தளத்தின் வரைபடத்தில் ஆற்றோரம் என்று குறிக்கப்பட்ட இடத்துக்குக் கூடுதல் வாடகை கொடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மேடான இடத்தைப் பிடித்தாலும், தளத்திலிருந்து வெளியேறும் பாதை தாழ்வான ஆற்றுக் கடவையைத் தாண்டித்தான் போகிறதா என்று கேளுங்கள். அப்படியானால் உங்கள் ஆர்.வி. உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பள்ளத்தாக்குகளில் கைப்பேசிச் சமிக்ஞை நம்பத்தக்கதன்று. வானிலை எச்சரிக்கை வானொலி ஒன்று கையில் இருக்கட்டும்.

அடுத்து நிழல். ஜூலையில் பகல் வெப்பம் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடுவது அங்கே இயல்பு. சூரியன் மறைய இரவு எட்டரைக்கு மேல் ஆகிவிடும். எனவே காலை நிழலால் பயனில்லை, மாலை நிழலே தேவை. குன்றின் கிழக்குச் சரிவில் உள்ள இடம், அல்லது மேற்குப் பக்கம் அடர்ந்த லைவ் ஓக் மரம் நிற்கும் இடம் சிறந்தது. ஒவ்வோர் இடத்தையும் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். தளக்காரர்கள் நிழல் உண்டு என்று எழுதுவது சில சமயம் ஆள் உயர ஜூனிபர் புதர் ஒன்றை நம்பித்தான்.

கூடாரக் குடும்பத்துக்கு ஒரு சொல். அந்தப் பாறையில் சாதாரண அலுமினிய முளை இரண்டு அங்குலம் இறங்கும், பிறகு வளைந்துவிடும். முளையின்றித் தானே நிற்கும் கூடாரம், கனமான எஃகு முளைகள், கல்லில் சுற்றிக்கட்ட நீளமான கயிறு ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேற்கூரைத் துணியைக் கழற்றி வலைவழியே காற்று வரவிடும் அமைப்பு இருந்தால்தான் இரவில் தூங்க முடியும். காலையில் காலணியை உதறிவிட்டு அணிவதும் நல்லது, தேள்கள் உண்டு.

பதில்: முப்பது ஆம்பியர்

ஆர்.வி. பற்றி மட்டும் சொல்கிறேன். மின் இணைப்பு உண்டு என்ற வாசகத்தோடு நிறைவடைய வேண்டாம். எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் தருகிறது. கூரையில் உள்ள ஒரு ஏசி மட்டும் ஏறத்தாழ 12 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். அதோடு மைக்ரோவேவையும் தண்ணீர்ச் சூடேற்றியையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். உங்கள் வண்டியில் இரண்டு ஏசி இருந்தால் 50 ஆம்பியர் இடத்தையே எடுங்கள். பிற்பகலில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஏசியை ஓட்டுவதால் பழைய தளங்களில் மின்னழுத்தம் சரியும். அது 105 வோல்ட்டுக்குக் கீழே போனால் கம்ப்ரசருக்குக் கேடு. அழுத்தம் குறைந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியை வாடகை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, என்சாண்டட் ராக் பூங்காவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அங்கே கூடாரம் மட்டுமே, அதுவும் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும்.

பதில்: மாடப்புறா

சகோதரிக்கு வணக்கம். யர்ட் உங்கள் மாமனார், மாமியாருக்கு ஏற்றதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வட்டச் சுவரும் உச்சியில் ஒளி புகும் குவிமாடமும் அழகுதான். ஆனால் அந்தக் குவிமாடம் வழியாக நண்பகல் வெயில் நேரே தரையில் விழும், துணிச்சுவரோ வெப்பத்தைத் தடுக்காது. அங்கே யர்ட்டுகள் பெரும்பாலும் தனியார் நிலங்களில்தான் உள்ளன. பதிவு செய்யும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஏசி உண்டா, சுவருக்குள் வெப்பத்தடுப்புப் படலம் வைத்திருக்கிறார்களா, கழிவறை உள்ளேயே இருக்கிறதா. மின்விசிறி மட்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்று குடும்பங்களும் ஒரே தளத்தில் இருப்பதுதான் முக்கியம் என்றால், யர்ட்டை விட்டுக்கொடுத்து இங்க்ஸ் ஏரி மாநிலப் பூங்காவைப் பாருங்கள். ஏரியின் நீர்மட்டம் பெரும்பாலும் ஒரே அளவில் இருப்பதால், ஆறுகள் வற்றும் கோடையிலும் நீந்தலாம். கூடாரத்துக்கும் ஆர்.வி.க்கும் தனித்தனி இடங்கள் உள்ளன. ஏசியுள்ள சிறு கேபின்களும் உண்டு.

பதில்: கருங்கல்மேடு

மாடப்புறா சொல்வது நல்ல யோசனை. ஆனால் இங்க்ஸ் ஏரி கேபின்களில் கழிவறை உள்ளே இல்லை. பொதுக் கழிவறைக்கு நடந்து போக வேண்டும். இரவில் இரண்டு முறை எழுந்திருக்கும் வயதில் இது சிறிய விஷயம் அன்று. கார்னர் மாநிலப் பூங்காவில் உள்ள கேபின்களில் குளியலறை, சமையலறை, ஏசி மூன்றும் உண்டு. அங்கே ஃப்ரியோ ஆறு சைப்ரஸ் மரங்களின் நிழலில் ஓடுகிறது. ஆற்றை விட்டு விலகி இருக்கும் முகாம் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் நான் சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். குறை என்னவென்றால் கூட்டம். கோடை வார இறுதிக்கு மாதக்கணக்கில் முன்பே இடம் தீர்ந்துவிடும். மாநிலப் பூங்காக்களில் ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம் என்பதால், மூன்று குடும்பத்தாரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் முயல வேண்டும்.

வழிப்போக்கி

அனைவருக்கும் மிக்க நன்றி. மாமியாரிடம் கழிவறை விவரத்தைச் சொன்னதும் யர்ட் ஆசை அவருக்கே போய்விட்டது. வெள்ளி, சனிக்குப் பதிலாகத் திங்கள், செவ்வாய்க்கு கார்னரில் முயல்கிறோம். மாலையில் விறகு மூட்டிச் சமைக்கலாமா?

பதில்: முப்பது ஆம்பியர்

கோடை வறட்சியில் மாவட்ட நிர்வாகம் தீத்தடை விதிப்பது வழக்கம். அது நடப்பில் இருந்தால் விறகும் கரியும் கூடாது. எரிவாயு அடுப்பு பெரும்பாலும் அனுமதிக்கப்படும். கிளம்புவதற்கு முந்தைய நாள் பூங்காவுக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் எரிவாயு அடுப்பையே எடுத்துச் செல்லுங்கள்.